அறுந்த மணிமாலையை வீட்டிலேயே கோர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வீடுகளில் பீரோவின் மூலையில் ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கும். திறந்தால் உள்ளே எப்போதோ அறுந்த மாலையின் மணிகள். "ஒருநாள் உட்கார்ந்து கோர்க்கணும்" என்று போட்டு வைத்தது, அப்படியே கிடக்கும். எனக்கு அந்த டப்பாக்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. அக்கம்பக்கத்தாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் வருடக்கணக்காக மாலை கோர்த்துக் கொடுத்ததில், எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

மாலை இப்போதுதான் கழுத்தில் அறுந்தது. முதலில் என்ன செய்ய?

நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். அறுந்த இரண்டு முனைகளையும் விரலால் இறுக்கிப் பிடியுங்கள். பாதி மணிகள் இன்னும் நூலில்தான் இருக்கும். முனைகளில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிட்டால் அவை விழாது. பிறகு ஒரு போர்வையைத் தரையில் விரித்து அதன் மேல் நின்று உடை மாற்றுங்கள். புடவை மடிப்பிலும் ரவிக்கைக்குள்ளும் எப்போதும் நாலைந்து மணிகள் சிக்கியிருக்கும். குளியலறையில் போய் உடை மாற்றினால் அவை தண்ணீர்க் குழியோடு போய்விடும்.

தரையில் ஓடியவற்றைத் தேட, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் படுக்க வைத்து அடியுங்கள். சிறு பாசி கூட நிழலோடு தெரியும். வாக்குவம் க்ளீனர் வைத்திருப்பவர்கள் குழாயின் வாயில் மெல்லிய துணியை ரப்பர் பாண்டால் கட்டி உறிஞ்சலாம், மணிகள் துணியில் ஒட்டி நிற்கும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கட்டில் அடியையும் சோபா இடுக்கையும் பார்த்து முடிக்கும் வரை அதை அந்த அறையில் விடாதீர்கள். மூக்கிலோ காதிலோ மணியைப் போட்டுக்கொண்டால் ஹேர்பின்னால் எடுக்கப் பார்க்க வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும். நேரே மருத்துவரிடம் போங்கள்.

அறுந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் போதாதா? முழுவதையும் பிரிக்க வேண்டுமா?

முழுவதையும் பிரிக்கத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான். நூல் ஓரிடத்தில் அறுந்தது என்றால் அந்த ஓரிடம் மட்டும் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. வியர்வை, செண்ட், எண்ணெய் எல்லாம் முழு நூலிலும் ஊறியிருக்கின்றன. ஒவ்வொரு மணியின் துளை விளிம்பும் அதை உராய்ந்திருக்கிறது. கொக்கிக்குப் பக்கத்தில் இழுவை அதிகம் என்பதால் பெரும்பாலும் அங்கே முதலில் அறுகிறது, அவ்வளவுதான். ஒட்டு முடிச்சுப் போட்ட மாலை அடுத்த கல்யாண வீட்டில் வேறு இடத்தில் அறும். வீட்டில் அறுந்தால் மணிகள் கிடைத்துவிடும், மண்டபத்தில் அறுந்தால் கிடைக்காது.

ஐந்து சரம், ஏழு சரம் மாலையில் ஒரு சரம் மட்டும் அறுந்தாலும் இதே கதைதான். மற்ற சரங்களின் நூலுக்கும் அதே வயசு. பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

மணிகள் எந்த வரிசையில் இருந்தன என்று எப்படி நினைவு வைத்துக்கொள்வது?

பிரிப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம். கொக்கியையும் பதக்கத்தையும் கிட்டத்தில் வைத்துத் தனியே இரண்டு படம். அடுத்து, ஒரு தாம்பாளத்தில் பழைய டர்க்கித் துண்டை விரித்து மாலையை அதன் மேல் வட்டமாக வையுங்கள். துண்டின் நூல் சுருளில் மணிகள் உருளாமல் நிற்கும். நடுவில் பெரிதும் பின்கழுத்துப் பக்கம் சிறிதுமாக அளவு இறங்கிவரும் மாலை என்றால், ஒட்டும் பக்கம் மேலே தெரியும்படி செல்லோடேப்பை நீளமாக வைத்து, ஒவ்வொரு மணியாக நூலை வெட்டி அதில் வரிசையாக ஒட்டிக்கொண்டே வாருங்கள். கையளவுப் பொடிப்பாசி என்றால் வரிசை தேவையில்லை, நிறம் பிரித்தால் போதும். அதற்கு அஞ்சறைப் பெட்டியை மிஞ்சிய பாத்திரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

எந்த நூலை வாங்குவது? கடையில் பத்து வகை காட்டுகிறார்களே?

மணியைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து வாங்கினால் காலை வாரிவிடும். என் அனுபவத்தில் வீட்டு வேலைக்கு நான்கு வகை போதும்.

முத்துக்கும் பவளத்துக்கும் பட்டு நூல். மென்மையானது, மாலை கழுத்தில் ஒழுகிப் படியும், முடிச்சு அழகாக உட்காரும். தண்ணீரும் வியர்வையும் பட்டால் நாளடைவில் நைந்து நீளும். அதனால் அதைப் பூஜைக்கும் விசேஷத்துக்கும் அணியும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போடும் முத்துச்சரத்துக்கு மெல்லிய நைலான் முறுக்கு நூல் நல்லது.

கண்ணாடிப் பாசிக்கும் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலே ஏற்றது. தையல் மெஷின் பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். அவசரத்துக்கு அதுதான் இருக்கிறதென்றால் தேன்மெழுகில் நான்கைந்து முறை இழுத்து உபயோகியுங்கள்.

ஸ்படிகம், கல் மணி, உலோக மணி இவற்றுக்கு நைலான் பூசிய எஃகுக் கம்பி. கடையில் டைகர் டெயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே 7, 19, 49 என்று மெல்லிய இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். இழைகளின் எண்ணிக்கை கூடக்கூடக் கம்பி துவளும். 7 இழைக் கம்பி மலிவு, ஒருமுறை மடங்கினால் அந்தக் கோணல் நிமிராது. 0.38 மி.மீ. தடிமன் பெரும்பாலான மாலைகளுக்குப் பொருந்தும்.

நான்காவது, நம்மூர் தங்கூஸ். மீன்பிடிக்கும் அந்த ஒற்றை நரம்பு எல்லா ஊரிலும் கிடைக்கும், ஊசியே வேண்டாம், விறைப்பாகத் தானே துளைக்குள் போகும். பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்கள் அதில் கோர்க்கும் வேகத்தைப் பார்த்தால் கண்கொட்ட மறந்துவிடும். ஆனால் தங்கூஸ் வெயில் பட்டு, வருடம் போனால் கண்ணாடி போல மொறுமொறுத்து ஒடியும். முடிச்சும் வழுக்கும். குழந்தைகளின் விளையாட்டு மாலைக்குச் சரி, விலையுள்ள மணிக்கு வேண்டாம்.

இவை எல்லாமே இப்போது ஆரி வேலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. சின்ன ஊர்களிலும் அப்படி ஒரு கடை வந்துவிட்டது.

புது நூல் போட்டும் ஆறே மாதத்தில் அறுந்துவிட்டது. ஏன்?

நூலை விட்டுவிட்டு மணியின் துளையைப் பாருங்கள். ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் என்ற கல், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7 கடினம் உள்ளது. அதில் துளையிட்ட விளிம்பு சரியாக மழுக்கப்படாவிட்டால் கத்திதான். கண்ணாடிப் பாசியில் வேறு விதம். சூட்டில் இளகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில், தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்த அதே இடத்தில், பழங்காலத்தில் இப்படித்தான் பாசி செய்தார்கள். அந்தக் கடைசிச் சூடு சரியாகப் படாத மணி கூராகவே இருந்துவிடும்.

சோதிக்க ஒரு வழி: வேண்டாத நூலை மணிக்குள் விட்டுப் பத்து தடவை முன்னும் பின்னும் இழுங்கள். பிசிறு கிளம்பினால் அந்த மணியை ஒதுக்குங்கள். ஒதுக்க மனமில்லை என்றால் கம்பியில் கோருங்கள். நீளக் குழல் மணிகள்தான் மிக மோசமாக வெட்டுபவை. ஒவ்வொரு குழல் மணிக்கும் இரு பக்கத்திலும் ஒரு சின்ன உருண்டைப் பாசி வைத்தால் நூல் அந்த விளிம்பில் மடங்காது.

துளையில் ஊசி நுழையவே இல்லை. என்ன செய்யலாம்?

மணி கோர்க்கும் மெல்லிய ஊசி இருக்கிறது, அது இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய மின்வயரைச் சீவினால் உள்ளே மெல்லிய செம்பிழைகள் இருக்கும். ஓர் இழையை எடுத்து இரண்டாக மடித்து, மடிப்பில் நூலை மாட்டி, மீதியை முறுக்குங்கள். முறுக்கிய முனை துளைக்குள் போகும், நூல் பின்னால் வரும். இன்னொரு வழி, நூலின் நுனி ஓர் அங்குலத்தை நெயில் பாலிஷில் தோய்த்துக் காயவிட்டு, சாய்வாக வெட்டுவது. அதுவே ஊசியாகிவிடும்.

பழைய மணியில் அழுக்கு அடைத்திருந்தால் ஈரமாக்கி மெல்லிய ஊசியைச் சுழற்றிச் சுழற்றி எடுங்கள். அழுத்திக் குத்தினால் மணியின் வாய் உடைந்துவிடும்.

மூன்று நான்கு மணிகள் தொலைந்துவிட்டன. அதே நிறம் எங்கும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. பழைய பவளத்துக்குப் புதுப் பவளம் ஒருநாளும் ஒத்துவராது, அதற்காக அலையவும் வேண்டாம். கொக்கியை ஒட்டி, பின்கழுத்தில் இருக்கும் மணிகளை எடுத்து முன்னால் காலியான இடத்தில் வைத்துவிடுங்கள். பின்னால் விழுந்த இடைவெளியை இரண்டு பக்கமும் சமமாகப் பொன்னிறக் குண்டு மணியாலோ சின்னக் கறுப்பு மணியாலோ நிரப்புங்கள். முடியும் புடவைத் தலைப்பும் மறைக்கும் இடம் அது. ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் பதக்கம் ஒருபக்கமாக இழுக்கும், அதில் கவனம்.

புது மணி எத்தனை வாங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதனால் 18 அங்குல மாலைக்கு 8 மி.மீ. மணி சுமார் 57, 6 மி.மீ. மணி சுமார் 76, 4 மி.மீ. மணி சுமார் 114 வேண்டும். கூடவே ஐந்தாறு சேர்த்து வாங்குங்கள்.

முத்து மாலையில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சு ஏன்? அதை நானே போட முடியுமா?

இரண்டு காரணங்கள். முத்து மென்மையானது, அதே மோஸ் அளவுகோலில் கடினம் 2.5 முதல் 4.5 வரைதான். பக்கத்து முத்தோடு உரசினால் துளை ஓரத்தில் மேல்பூச்சு உதிரும். முடிச்சு இரண்டையும் தள்ளி வைக்கிறது. இன்னொன்று, மாலை அறுந்தாலும் விழுவது ஒரு முத்துதான்.

நீங்களே போடலாம். முதல் மாலைக்கு முழுச் சாயங்காலம் ஆகும், அவ்வளவுதான். 18 அங்குல மாலைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நூல் வெட்டி இரட்டையாக மடித்துக்கொள்ளுங்கள். கோர்ப்பதற்கு முன் நூலைக் கையால் நன்றாக இழுத்து நீட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு மாலை தொய்யும். முதல் முத்தைக் கோருங்கள். தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சின் வட்டத்துக்குள் ஒரு தடித்த ஊசியை நுழைத்து, ஊசியாலேயே முடிச்சை நகர்த்திக்கொண்டு போய் முத்தின் வாயில் ஒட்ட வையுங்கள். நூலை இழுத்தபடியே ஊசியை உருவி, நகத்தால் ஒரு தள்ளு. முடிச்சு முத்தோடு ஒட்டி உட்காரும். ஊசி இல்லாமல் போட்டால் முடிச்சு வழியிலேயே இறுகிவிடும், அவிழ்ப்பது பெரும்பாடு. விலை குறைந்த பிளாஸ்டிக் முத்தில் இருபது முடிச்சுப் போட்டுக் கை பழகிய பிறகு நல்ல முத்தைத் தொடுங்கள்.

ஒரு முடிச்சு ஏறத்தாழ 1 மி.மீ. இடம் எடுக்கும். 60 முத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளம் கூடும். முன்பு முடிச்சில்லாமல் இருந்த மாலைக்கு முடிச்சுப் போடுகிறீர்கள் என்றால் இதைக் கணக்கில் வையுங்கள். கொக்கியைத் தொடும் இடத்தில் நூல் தேயாமலிருக்க, ஆரி வேலைக்கான ஜர்தோசிச் சுருள் கம்பியில் அரை அங்குலத் துண்டை நூலில் மாட்டிக் கொக்கியின் வளையத்தில் விடலாம். நகைக்காரர்கள் செய்வதும் இதே போன்றதுதான்.

ஒரு வேண்டுகோள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகள். உங்கள் கையில் இருப்பது பாட்டியின் பாட்டி காலத்து மாலை என்றால் அது கடல் தானே தந்த முத்தாக இருக்கலாம். அதைப் பிரிக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கம்பியில் கோர்த்தால் முனையை எப்படி முடிப்பது? முடிச்சு நிற்கவில்லை.

எஃகுக் கம்பியில் முடிச்சுப் போடக் கூடாது. கிரிம்ப் எனப்படும், நசுக்கினால் இறுகும் சின்ன உலோகக் குழல் மணி விற்கிறது. கம்பியை அதற்குள் விட்டு, கொக்கியில் மாட்டி, அதே கிரிம்ப் வழியாகத் திருப்பி எடுத்து, மூக்குக் குறடால் நசுக்குங்கள். மீதி வாலை இரண்டு மூன்று மணிகளுக்குள் செருகிய பிறகு வெட்டுங்கள். கிரிம்பை ஒட்டி வெட்டினால் கம்பி நுனி கழுத்தைக் குத்தும்.

கடைசிக் கிரிம்பை நசுக்கும் முன் மாலையைக் கழுத்தளவுக்கு வட்டமாக வளைத்துப் பாருங்கள். விறைத்து நின்றால் கொஞ்சம் தளர்த்துங்கள். 2, 3 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் மாலை நன்றாக வளையும், கம்பியும் நீடிக்கும்.

முடிச்சு மேல் ஃபெவிக்விக் விடலாமா?

வேண்டாம். அது நூலை விறைக்க வைக்கும், விறைத்த இடமும் துவளும் இடமும் சேரும் புள்ளியில் நூல் ஒடியும். பக்கத்து மணியில் வெள்ளைப் படலமும் படியும். முத்தில் படிந்தால் திருத்தவே முடியாது. காய்ந்த பிறகும் துவளும் நகைப் பசை கிடைத்தால் ஊசி முனையில் ஒரு துளி வையுங்கள். இல்லாவிட்டால் நிறமில்லாத நெயில் பாலிஷ் போதும்.

எலாஸ்டிக் வளையல் அடிக்கடி அறுகிறது, அக்கா.

கோர்க்கும் முன் எலாஸ்டிக்கை நான்கைந்து முறை நன்றாக இழுத்து விடுங்கள். 0.8 அல்லது 1 மி.மீ. வாங்குங்கள், மெல்லியது என்றால் இரட்டையாகப் போடுங்கள். முடிச்சில் முதல் சுற்றை இரண்டு தடவை சுற்றி இறுக்கி, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டால் வழுக்காது. முடிச்சைப் பெரிய துளையுள்ள மணிக்குள் இழுத்து மறையுங்கள். கையில் மாட்டும்போது விரித்து இழுக்காமல் உருட்டி ஏற்றுங்கள். இவ்வளவும் செய்தாலும் எலாஸ்டிக் ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான்.

உடைந்த மணியையே ஒட்டலாமா?

சுடுமண் மணி என்றால் அரால்டைட் வைத்து ஒட்டி வண்ணம் தீட்டிவிடலாம், தெரியாது. கண்ணாடியும் கல்லும் ஒட்டினாலும் நிற்காது. ஓரம் மட்டும் சிதைந்திருந்தால் அதைப் பின்கழுத்துக்கு மாற்றுங்கள்.

கருகமணி அறுந்துவிட்டது. மனசு என்னவோ போல் இருக்கிறது.

கருகமணியும் தாலிச்சரடும் விரத மாலையும் அறுந்தால் பலருக்கு வயிற்றைப் பிசையும். எனக்கும் அந்தப் பதற்றம் தெரியும். தினமும் குளியலில் நனைந்து, சோப்பு ஊறி, தூங்கும்போது இழுபட்ட நூல் அது, தேய்ந்து அறுந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முறைப்படி நாள் பார்த்துக் கோர்க்க வேண்டும் என்றால் அப்படியே செய்யுங்கள், அதுவரை மணிகளைச் சுத்தமான துணியில் முடிந்து வையுங்கள்.

நூலில் கோர்த்த கருகமணியை நீங்களே நைலான் நூலில் இரட்டையாகக் கோர்க்கலாம். நடுநடுவே தங்க மணிகள் இருந்தால் முதலில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தங்கக் கம்பியில் ஒவ்வொரு மணியாகக் கட்டிய கருகமணி என்றால் அது ஆசாரி வேலை, வீட்டில் குறடு வைக்காதீர்கள்.

ருத்ராட்ச மாலை, துளசி மாலை?

இரண்டுமே ஈரத்தில் இருப்பவை, அதனால் பருத்தி நூல் சீக்கிரம் அழுகும். தடித்த நைலான் நூலில் மணிக்கு ஒரு முடிச்சாகப் போட்டால் பல வருடம் வரும். ஜபமாலைக்கு 108 மணி, அதோடு மேரு எனப்படும் தலைமணி ஒன்று. மேரு வழியாக இரு முனைகளையும் சேர்த்து எடுத்து முடிய வேண்டும். சபரிமலை விரதத்தில் இருப்பவர்கள் குருசாமியிடம் கொடுத்தே கோர்த்து வாங்குவது வழக்கம், அதை மாற்ற நான் சொல்ல மாட்டேன்.

குன்றிமணி கோர்த்த மாலையைச் சரிசெய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்தில் தங்கத்தை எடைபோட உதவிய அந்த அழகிய சிவப்பு விதைக்குள் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு முழுதாக இருக்கும் வரை அது வெளியே வராது. ஆனால் மாலைக்காகத் துளையிட்ட விதையில் ஓடு ஏற்கெனவே திறந்துவிட்டது. குழந்தை வாயில் போட்டுக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. துளையிடுவதும், உடைந்த விதையைக் கையாள்வதும், அந்தத் தூள் மூச்சில் போவதும் கூடாது. அந்த மாலையைக் கையுறை போட்டு ஒரு பையில் கட்டிக் குழந்தைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அதே தோற்றத்தில் கண்ணாடி மணி கிடைக்கிறது, அதில் புது மாலை கோருங்கள்.

மணி நன்றாக இருக்கிறது, கொக்கி மட்டும் கழன்றுவிட்டது.

ஐந்து நிமிட வேலை. பெரும்பாலும் கொக்கியை இணைக்கும் சின்ன வளையம் வாய் திறந்திருக்கும். இரண்டு குறடால் இரு பக்கமும் பிடித்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் திருகித் திறந்து, மாட்டி, அதே வழியில் திருகி மூடுங்கள். அகல விரித்தால் வட்டம் கெட்டு மறுபடி மூடாது. கழுத்தில் அரிப்பு வந்தால் கொக்கியில் நிக்கல் இருக்கலாம், வெள்ளிக் கொக்கியாக மாற்றுங்கள்.

எதை வெளியே கொடுப்பது நல்லது?

நல்ல முத்து, தங்கப் பூண் கட்டிய மணி, பழைய பவளம், குந்தன் வேலை. கொடுக்கும் முன் மணிகளை எண்ணுங்கள், படம் எடுங்கள், எடை போட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். எங்கள் உறவில் ஒருவர் எண்ணாமல் கொடுத்து, திரும்பி வந்த மாலை இரண்டு விரல் குறைந்திருந்தது. கேட்க எந்த ஆதாரமும் இல்லை.

கோர்த்த மாலை நீடிக்க என்ன செய்ய வேண்டும்?

செண்ட், பவுடர், ஹேர் ஸ்பிரே எல்லாம் முடித்த பிறகு கடைசியாக மாலையைப் போடுங்கள், வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுங்கள். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட், எலுமிச்சையும் வினிகரும் அவற்றை அரிக்கும். ஈரத்துணியால் துடைத்து, கிடத்தி உலர்த்துங்கள். ஆணியில் தொங்கவிட்டால் நூல் நீளும். முத்தை ஸ்படிகத்தோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம், கீறல் விழும். தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

தினமும் போடும் மாலையை வருடம் ஒருமுறை மாற்றிக் கோருங்கள். எப்போதாவது போடுவது என்றால், மாலையைத் தூக்கிப் பிடித்து மணிகளை மேலே தள்ளிப் பாருங்கள். நூல் வெளியே தெரிந்து, அதில் பிசிறும் கறுப்பும் கண்ணில் பட்டால் அடுத்த விசேஷத்துக்குக் காத்திருக்காமல் அன்றே கத்தரிக்கோலை எடுத்து, துண்டு விரித்து உட்காருங்கள்.